சனிக்கிழமை அரசாங்கம்

விண்டபோட்டுத் தோட்டத்தில் பிலிப்பு அரசாங்கமாக இருப்பது சனிக்கிழமை பின்னேரங்களில் மட்டும்தான். மற்றக் கிழமைகளில் அவர் பங்களாக் கேட்டின் காவல்காரர். வாகனம் வந்தால் திறப்பார், போனால் மூடுவார், இரண்டுக்கும் நடுவில் குனிந்து ஒரு சலாம் வைப்பார். வாரம் முழுக்க வைத்த சலாம்களை எல்லாம் சனிக்கிழமை ஒரே அடியாகத் திருப்பி வாங்கிக்கொள்ளும் பாக்கியம் பண்டாரவளைப் பக்கத்தில் வேறு எந்தக் காவல்காரருக்கும் கிடைத்ததில்லை.

தேயிலைத் தொழிற்சாலையை மூடிய பிறகு, தோட்டத்தைக் கொழும்புக் கம்பனி ஒன்று வாங்கி, துரைமார் இருந்த பெரிய பங்களாவை ஹோட்டல் ஆக்கியது. ஹோட்டல் என்று சொல்லக்கூடாது, “பாரம்பரிய அனுபவம்” என்று சொல்ல வேண்டும் என்பது மனேஜர் அஜந்தனின் கட்டளை. அஜந்தன் பதுளை டவுன் பிள்ளை. கொழும்பில் ஹோட்டல் படிப்புப் படித்தவர். கழுத்துப்பட்டி இல்லாமல் அவரைக் கண்டவர்கள் இல்லை. அந்தப் படிப்பிலிருந்துதான் சனிக்கிழமை நாடகம் பிறந்தது.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டில் வெள்ளைக்கார அரசாங்கம் நாய்க்கும் துவக்குக்கும் கடைக்கும் வரி போட்டது, சனம் கொதித்து எழுந்தது, இது உண்மை. ஆனால் கொதித்தது மாத்தளை, குருநாகல் பக்கம். ஊவாவுக்கு அந்தக் கொதிப்பு வந்ததாக யாரும் எழுதி வைக்கவில்லை. அஜந்தன் அதற்கெல்லாம் அசரவில்லை. “சரித்திரம் கொஞ்சம் பஸ் ஏறி இங்கால வந்தா என்ன அண்ணே? கெஸ்ட்டுக்கு மாத்தளையும் தெரியாது, மடுல்சீமையும் தெரியாது” என்றார். நாடகத்தில் துவக்கு வெடிக்க அனுமதி கிடைக்காது, கடை வரியைப் பார்த்து யாரும் அழமாட்டார்கள். ஆகவே நாய் வரி தேர்வானது. அந்தக் காலத்தில் மலையில் தேயிலையே இல்லை, கோப்பிதான் என்பதையும் யாரோ சொன்னார்கள். நாடகம் பார்க்கிற விருந்தாளிகளுக்குத் தேநீர் கொடுப்பது எப்படியும் நிற்கப் போவதில்லை என்பதால் அதுவும் விடப்பட்டது.

வரி வாங்க வரும் அரசாங்க ஏஜண்டுத் துரை வேடத்துக்குக் குரல் வேண்டும். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவர் பிலிப்பு. அவர் வாசித்தால் தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்துக் கோழிகூட ஒரு நிமிடம் கிளறுவதை நிறுத்தும். பண்டாரவளைத் தையல்காரர் ஒருவர் சிவப்புக் கம்பளியில், பொன்னிறப் பொத்தான் வைத்து, கோட்டுத் தைத்துக் கொடுத்தார். தலைக்கு ஒரு தொப்பி. முகத்துக்கு லக்டோஜன் பால்மா நிறத்தில் ஒரு பவுடர்.

கோட்டைப் போட்ட முதல் நாளே பிலிப்பின் நடை மாறிவிட்டது. நாடகம் முடிந்தும் கழற்ற மனம் வராமல் அப்படியே லயத்துக்கு வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்று வானத்தை மேற்பார்வை செய்தார்.

“தொரை வந்துட்டாரா?” உள்ளேயிருந்து அவர் மனைவி செசிலி கேட்டாள். “பீலியில தண்ணி வருது. வாளிய எடுத்துக்கிட்டுப் போயி ரொப்பிக்கிட்டு வாங்க, தொரை.”

“கோட்டு நனைஞ்சிரும் செசிலி.”

“அப்ப கோட்ட இங்க வச்சிட்டு நீங்க மட்டும் போங்க.”

அரசாங்கம் வாளியோடு போனது.

நாடகத்தின் உயிர் பிலிப்பு அல்ல, செசிலிதான். பழைய பெரட்டுக்களத்தில், காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் அதே இடத்தில், ஒரு மேசை போடப்படும். பிலிப்பு துரை உட்காருவார். ஏழைத் தாயாகச் செசிலி தன் நாயோடு வருவாள். “ஒரு நாய்க்கு ஒரு ஷில்லிங்!” என்று துரை கர்ஜிப்பார். அவளிடம் இருக்காது. “நாயைப் பிடி!” துரையே எழுந்து வந்து கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு பங்களாவின் பின்பக்கம் போவார். செசிலி நிலத்தில் விழுந்து அழுவாள். பின்னால் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்காரன் றுஷாந்தன் தலைமையில் பத்துப் பேர் “நாய்க்கு வரி வேண்டாம்!” என்று முழங்குவார்கள். வெள்ளைக்காரப் பெண்கள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைப்பார்கள். கூலி என்று தனியாக ஒன்றும் கிடையாது. இராச் சாப்பாடும், விருந்தாளிகள் கொடுப்பதும்.

நாயின் பெயர் மந்திரி. ஒரு தேர்தல் காலத்தில் எங்கிருந்தோ லயத்துக்கு வந்தது. சோறு போட்டார்கள், தின்றது. தேர்தல் முடிந்த பிறகும் போகாமல் இருந்தது. இந்த ஒரு குணத்தால் அது மற்ற மந்திரிகளிலிருந்து வேறுபட்டது. வளர்த்தது மகள் ஜெசீகா. அவள் கட்டுநாயக்காவில் கார்மெண்ட் வேலைக்குப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வந்து, “அம்மா, மொதல்ல மந்திரியக் காட்டுங்க” என்பாள். மந்திரி போனை நக்கும். அதற்குப் பிறகுதான் அம்மா அப்பாவின் சுகம் விசாரிக்கப்படும். அந்த நாய் இல்லாவிட்டால் பிள்ளை கூப்பிடுவது குறைந்துவிடுமோ என்று செசிலிக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. வெளியே சொன்னதில்லை.

மந்திரிக்கு நாடகம் மிகவும் பிடித்துவிட்டது. காரணம் எளிது. சிவப்புக் கோட்டு கயிற்றைப் பிடித்து இழுத்தால் போய்ச் சேருவது குசினி வாசல். அங்கே சமையல்காரி சுதர்ஷினி கோழி எலும்போடு நிற்பாள். மூன்றாம் வாரத்திலிருந்து இழுக்கும் வேலை பிலிப்புக்கு இருக்கவில்லை. கோட்டைக் கண்டதும் மந்திரி வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் ஓடியது. கொடுமைக்கு ஆளான நாய் இவ்வளவு சந்தோஷமாகப் போவது சரித்திரத்துக்குப் பொருந்தாது என்று அஜந்தன் முறைப்பாடு செய்தார். பிலிப்பு இரண்டு தரம் நாய்க்கு எடுத்துச் சொல்லிப் பார்த்தார்.

இனிக் காசு. பழைய கோப்பித் துரைமார் சில்லறைத் தட்டுப்பாட்டில் தங்கள் தோட்டத்துக்கென்று வில்லைகள் அடித்துக் கூலிக்குக் கொடுத்தார்களாம். அஜந்தன் அதையும் விடவில்லை. நடுவில் துளை போட்ட பித்தளை வில்லை. ஒரு பக்கம் கோப்பிக் கொப்பு, மறுபக்கம் “விண்டபோட்டு”. விருந்தாளிகள் கேட்டில் டொலரைக் கொடுத்து வில்லை வாங்குவார்கள். அழுகை நன்றாக இருந்தால் செசிலியின் மடியில் வில்லை விழும். ஹோட்டலின் பின்பக்கக் கென்டீனில் வில்லையைக் கொடுத்தால் பிளேன் டீயும் பனிசும் கிடைக்கும். றுஷாந்தன் கோஷ்டி புரட்சி முடிந்த கையோடு வரிசையில் நின்று பனிசு தின்றது.

செசிலி தின்னவில்லை. பால்மா டின்னில் போட்டு வைத்தாள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சந்தாவோ, அரிசியோ, திருவிழாக் காசோ, எல்லாமே தோட்டம் எழுதும், தோட்டம் சம்பளத்தில் கழிக்கும். தோட்டத்தின் பேர் பொறித்த ஒரு பொருள் கையில் இருந்தால் அது என்றைக்காவது ஒருநாள் தோட்டத்திடம் செல்லுபடியாகும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பரம்பரையாக வந்த நம்பிக்கை அது.

ஒருமுறை, ஞாயிறு தோறும் வான் வண்டியில் சாமான் கொண்டுவரும் பண்டாரவளை நஸீர் நானாவிடம் ஒரு வில்லையை நீட்டிப் பார்த்தாள்.

“நானா, இத எடுப்பீங்களா? ஒரு சீனி பக்கட்டுக்கு.”

நஸீர் வாங்கி, துளை வழியாக அவளைப் பார்த்தார். “தங்கச்சி, இதில ஓட்ட ஈக்குதே.”

“அது டிசைனு நானா.”

“ரூபாயில ஓட்ட உழுந்து நாங்க பட்ட பாடு போதும் தங்கச்சி. அந்த ஓட்ட கண்ணுக்குத் தெரியல்ல. இது தெரியுது. தெரிஞ்சுக்கொண்டு எப்பிடி வாங்குறது?” என்று சொல்லி வில்லையைத் திருப்பிக் கொடுத்தார். சீனியையும் கொடுத்தார், கடனுக்கு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில், கீழ் லயத்து நாய் ஒன்று பங்களா விறாந்தைக்கு ஏறி, ஒரு ஜெர்மன்காரர் கையில் வைத்திருந்த பிஸ்கட்டை மிகுந்த மரியாதையோடு வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஜெர்மன்காரர் இன்டர்நெட்டில் எழுதினார். கொழும்பு ஆபீஸ் வாசித்தது. ஒரு வாரத்தில் கொள்கை ஒன்று மலை ஏறி வந்தது. லயத்து நாய் ஒவ்வொன்றுக்கும் கம்பனித் தகடு கட்ட வேண்டும். தகட்டுக்கும் ஊசிக்குமாக ஒரு கட்டணம், ஐயாயிரம் ரூபாய். தகடு இல்லாத நாயை இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

“எங்க கொண்டு போவாங்க சேர்?” என்று பிலிப்பு கேட்டார்.

“மஹியங்கனைக்கு அங்கால ஒரு எடம். நல்ல எடம்னு சொல்றாங்க” என்றார் அஜந்தன், நல்ல இடங்களைப் பற்றிப் பேசும் ஆட்களின் குரலில். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அண்ணே, இத நான் போய்ச் சொன்னா சனம் கோவிக்கும். நீங்க கோட்டுப் போட்டுக்கிட்டுப் பெரட்டுல நின்னு சொல்லுங்க. அந்தக் குரலுல சொன்னா சந்தோஷமாக் கேப்பாங்க.”

பிலிப்பு மறுத்திருக்கலாம். ஆனால் “அந்தக் குரல்” என்ற சொல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் காலைப் பெரட்டில், பனியில், சிவப்புக் கோட்டில் நின்று வாசித்தார். பூசையில் நிருபம் வாசிப்பதுபோல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி. சனம் சிரித்தது. கைதட்டியது. “அண்ணே, சனிக்கிழமையத் தவற விட்டவங்களுக்கு இன்னொருக்காப் போடுறீங்களா?” என்று றுஷாந்தன் கத்தினான். கொழுந்துக் கூடைகளோடு மலைக்கு ஏறும் வழியில்தான் யாரோ, “இது நாடகமா, நெசமா?” என்று கேட்டார்கள். அதற்குள் அறிவித்தவர் கோட்டை மடித்துக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டார்.

எதிர்ப்பு நடக்காமல் இல்லை. அடுத்த சனிக்கிழமை, நாடகத்துக்கு முன்பே, லயத்துச் சனம் திரண்டு பங்களாக் கேட்டை மறித்தது. கோஷம் போட வேண்டும். போட்டுப் பழகிய கோஷம் ஒன்றுதான் இருந்தது. “நாய்க்கு வரி வேண்டாம்!” என்று றுஷாந்தன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். இந்த முறை அவன் உண்மையாகவே அழுதான். அவனுடைய நாய் குட்டி போட்டிருந்தது. விருந்தாளிகள் ஓடி வந்து போனைத் தூக்கினார்கள். ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, கோஷம் போட்டு வந்த முன்வரிசைக் கிழவிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, முடிந்ததும் “பிராவோ!” என்றார். றுஷாந்தனின் இறுகிய கையை ஒரு பெண் விரித்து அதில் வில்லைகளை வைத்தாள். அஜந்தன் அவன் தோளில் தட்டி, “தம்பி, சூப்பர்! அடுத்த வாரமும் இந்த எனர்ஜி வேணும்” என்றார்.

றுஷாந்தன் அந்த வில்லைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். பிறகு கென்டீனுக்குப் போய்ப் பனிசு தின்றான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை.

சிலர் கட்டினார்கள். சிலர் நாயை மடுல்சீமையில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் பஸ்ஸில் கொண்டுபோனார்கள். செசிலியிடம் அந்த ஐயாயிரம் சேமிப்பில் இருந்தது. ஆனால் ஜெசீகா போர்டிங் வாடகைக்கு அழுதுகொண்டிருந்தாள்.

“ஏங்க, இத மந்திரிக்குக் கட்டுறதா, பிள்ளைக்கு அனுப்புறதா?”

“பிள்ளைக்கு அனுப்பு.” பிலிப்பு கோட்டின் பொத்தானைப் பிராசோ போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். “டின் நெறைய வில்லை வச்சிருக்கியே, அதக் கட்டிருவோம்.”

“எடுப்பாங்களா?”

“கடைசி நாள் காசு வாங்குற மேசையில யாரு இருக்கப் போறது? நானு. நீ என் கையிலதான குடுக்கப்போற? கவர்மெண்டே வாங்குறேன்னு சொல்லுது, நீ என்னா கேள்வி கேக்குற?”

செசிலி அவர் முகத்தைப் பார்த்தாள். “பவுடர் போடாமலே தொரை மாதிரி பேசுறீங்க” என்றாள். ஆனாலும் நம்பினாள். மறுநாள் பண்டாரவளைக்குப் போய்க் காசை அனுப்பிவிட்டாள்.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. பெரட்டுக்களத்தில் அதே மேசை. பிலிப்பு கோட்டோடு உட்கார்ந்தார். ஆனால் பக்கத்தில் ஒரு கதிரை போடப்பட்டிருந்தது. அதில் கொழும்பிலிருந்து வந்த கணக்குப் பிள்ளை துஷாந்தினி, ஒரு சின்ன மெஷினோடு இருந்தாள். களத்தின் ஓரத்தில் கம்பிக்கூடு கட்டிய லொறி. நாடகத்துக்கு வந்த விருந்தாளிகள் மேலே விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல நாளாகப் பார்த்துத்தான் எல்லாம் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தது; இரண்டு செலவு ஒரு செலவாகும் என்று.

செசிலி வந்தாள். மந்திரி பின்னால் வந்தது. அவள் டின்னை மேசையில் கவிழ்த்தாள். வில்லைகள் சலசலத்து ஓடின. பிலிப்பு அவற்றை இரண்டு கையாலும் கூட்டி, நெஞ்சை நிமிர்த்தி, “ஏற்றுக்கொள்ளப்பட்டது!” என்றார், அந்தக் குரலில்.

துஷாந்தினி தலையை நிமிர்த்தினாள். நல்ல பிள்ளை; முகத்தில் கோபம் இல்லை. “மாமா, இது சிஸ்டத்தில இல்ல.”

“நம்ம தோட்டத்துக் காசும்மா. பேரு போட்டிருக்கு, பாரு.”

“பேர் இருக்கு மாமா. கம்பனி அடிச்சதுதான். ஆனா கம்பனி எடுக்காது. இது அனுபவத்துக்கு. கட்டணம்னா ரூபாய் வேணும், இல்லாட்டி கார்ட்.”

“என் சம்பளத்துல கழிச்சுக்கங்க.”

அவள் மெஷினைத் தட்டிப் பார்த்தாள். “அட்வான்ஸ் ஏற்கெனவே கழிபடுது மாமா. இதுக்கு மேல கழிக்க மிச்சம் காட்டுதில்ல.”

பிலிப்பு அஜந்தனைப் பார்த்தார். அஜந்தன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். முதல் தடவையாக அவர் முகம் பதுளை டவுன் பிள்ளையின் முகமாக இருந்தது. “அண்ணே, என் கார்டால கட்டிருவேன். ஆனா ஸ்டாஃப் கார்ட் போட்டா கணக்கு ஓடிட்டுல கேப்பாங்க. எனக்கும் மேல ஆள் இருக்கு. அவங்களுக்கும் மேல இருக்கு. கடைசியா இருக்கிற ஆள நானே கண்டதில்ல.”

“திங்கக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சேர். நஸீர் நானா நாளைக்கு வருவாரு. கடன் கேட்டு வாங்கிருவேன்” என்றார் பிலிப்பு.

“லொறி இன்னைக்குத்தான் அண்ணே. ஹயருக்குக் கட்டியாச்சு.”

செசிலி டின்னை நிமிர்த்தினாள். வில்லைகளைத் திரும்ப டின்னுக்குள் பொறுக்கிப் போட்டாள். ஒன்று நிலத்தில் விழுந்து உருண்டது. மந்திரி அதை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

லொறிக்காரர் சுருக்குக் கயிற்றோடு இறங்கினார். மந்திரி அவரைப் பார்த்தது, கயிற்றைப் பார்த்தது, ஒரே பாய்ச்சலில் தேயிலைக்குள் போய்விட்டது. அவர் நிரை நிரையாக ஓடிக் களைத்துத் திரும்பி வந்தார். முழங்கால் எல்லாம் கவ்வாத்துக் குச்சி கீறிய கோடுகள். விருந்தாளிகள் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு விறாந்தைக் கம்பியில் சாய்ந்தார்கள்.

அஜந்தன் பிலிப்பின் காதருகே வந்தார். “அண்ணே, நீங்க கூப்பிட்டா வரும்.”

அது உண்மை. எழுந்து நின்றாலே போதும், கோட்டைக் கண்டு வந்துவிடும். பிலிப்பு மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செசிலி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. இந்த மனுசன் என்ன செய்வான் என்று அறியும் ஆவல் மட்டும் இருந்தது.

அவர் எழுந்தார். பொன்னிறப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கோட்டை உரிந்து மேசைமேல் போட்டார். தொப்பியை அதன்மேல் வைத்தார். கிழிந்த பனியனோடு, பவுடர் பூசிய முகத்தோடு, குளிரில் நின்றார்.

“நான் கூப்பிட மாட்டேன் சேர்.”

அவர் வாழ்நாளில் மேலிடத்துக்குச் சொன்ன முதல் மறுப்பு அது. றுஷாந்தன் எங்கோ பின்னாலிருந்து, “அப்பிடிப் போடுங்கண்ணே!” என்றான். செசிலியின் முகம் ஒரு கணம் இளகியது.

அஜந்தன் கோபிக்கவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை எடுத்து லொறிக்காரரிடம் நீட்டினார்.

லொறிக்காரர் பிலிப்பைவிடக் குள்ளம். அவர் போட்டதும் கோட்டின் கை நீளமாகத் தொங்கியது. பொத்தானும் பூட்டவில்லை. சிவப்பு தெரிந்ததுதான் தாமதம், தேயிலைச் செடிகளுக்கு மேலே இரண்டு காதுகள் எழுந்தன. மந்திரி வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. பிலிப்பைக் கடந்துதான் வந்தது.

“மந்திரி! டேய்! போடா அங்கிட்டு!” என்று பிலிப்பு கத்தினார். மலையே கேட்கும் குரல். பனியனோடு நிற்கும் ஆளுக்காக மந்திரி நிற்கவில்லை. கோட்டின் பின்னால் போனது. வழி குசினிப் பக்கம் திரும்பாமல் லொறிப் பக்கம் திரும்பியபோது மட்டும் கொஞ்சம் தயங்கியது. கோட்டு முன்னால் போனபடியால் அதுவும் போனது. கூட்டுக்குள் தானாகவே ஏறி, எலும்பு எங்கே என்று திரும்பிப் பார்த்தது.

கதவு பூட்டப்பட்டது. லொறிக்காரர் கோட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு, ஸ்டார்ட் எடுத்துப் போனார்.

விறாந்தையில் கைதட்டல் எழுந்தது.

“அக்கா, அழுங்கக்கா” என்றார் அஜந்தன் மெதுவாக. “இந்த எடத்துல நீங்க அழணும். பாத்துக்கிட்டு இருக்காங்க.”

செசிலி அழவில்லை. டின்னின் மூடியை அழுத்தி மூடினாள். “நாளைக்குப் பிள்ள போன் எடுக்கும்” என்றாள், யாரிடமும் இல்லாமல். “எதக் காட்டுறது?”

பிலிப்பு லொறி போன பக்கம் பார்த்துக் கையை விரித்தார். மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், கண்கலங்கி, அவருடைய விரிந்த கையில் ஒரு வில்லையை வைத்து மூடினாள். அவர் குனிந்து சலாம் வைத்தார். வைத்த பிறகுதான் வைத்தது தெரிந்தது.

அஜந்தன் கோட்டைத் தூசு தட்டிக் கையில் போட்டுக்கொண்டார். “மன்னிச்சிருங்க அண்ணே. ஆனா அடுத்த சனிக்கிழமைக்கு இனி ஒரு நாய் பாக்கணும். பழக்கவும் வேணும்.”

“நாய் எதுக்கு சேர்?” என்றாள் செசிலி. “இவரு இருக்காரே.”

அஜந்தன், செலவு குறையும் என்று கணக்குப் போடும் கண்ணோடு, பிலிப்பை மேலும் கீழும் பார்த்தார்.